கைக்கு ஒத்த துப்பாக்கி

சேலத்தில் துப்பாக்கி விற்கும் கடை ஒன்று இருக்கிறது என்பதே பி.டி. டீச்சரோடு போகும்வரை எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால் மூக்குக்கண்ணாடிக் கடை மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் துணி விரித்து ஏழெட்டுக் கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். டீச்சர் தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார்.

"அந்த ஓரத்துல இருக்கறதக் கையில குடுங்க, பாக்கறேன்."

கடைக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஆனால் அது டீச்சரின் கணவர் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்கான லைசென்ஸ். கைத்துப்பாக்கிக்கு அதில் அனுமதி இல்லை. அனுமதி வாங்கி வந்தால் பெட்டியைத் திறப்பேன், இப்போதைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர்.

"கண்ணாடி வழியாப் பாத்து வாங்கறதுக்கு இதென்ன தொட்டி மீனுங்களா?" என்றார் டீச்சர்.

அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினோம். அதற்குப் பிறகு எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பினோம் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஊரில் எல்லோருக்கும் அவர் பி.டி. டீச்சர்தான். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆன பிறகும் பால் சொசைட்டியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதே பள்ளியில் நான் வேதியியல் நடத்தினேன். அவரைவிட எனக்குப் பதினைந்து வயது குறைவு. என்னை 'அம்மிணி' என்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தத் துப்பாக்கி விவகாரத்துக்குள் நான் வந்து மாட்டியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

எதையும் கையில் வாங்கிப் பார்க்காமல் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பள்ளிக்கு வாலிபால் வாங்க வேண்டுமென்றால் தலைமையாசிரியை கடிதம் போட்டால் போதும், கடைக்காரனே கொண்டுவந்து இறக்கிவிடுவான். டீச்சர் விட மாட்டார். பஸ் ஏறிப் போய், கடையில் இருக்கிற பந்தையெல்லாம் காற்றடித்துத் தரையில் தட்டி, தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவார். குக்கர் வாங்கப் போன கடையில் மூடியைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி, கடைசியில் கடைக்காரரே ரப்பர் வளையத்தை மாற்றித் தர வேண்டியதாயிற்று. செருப்பென்றால் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வருவார். என் மகள் கல்யாணத்துக்கு அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போனபோது கூட வந்தார். விரித்துக் காட்டிய சேலையின் ஒரு முனையைக் கைக்குள் வைத்துக் கசக்கி, சுருக்கம் போகிறதா என்று பார்த்தார். நெய்தவரின் மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. நான் தலை குனிந்து நின்றேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்குவார். அதைக் கசக்கிப் பார்க்க முடியாதே, அதனால்தான் அது வேலை செய்வதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார்.

மாத்திரை கட்டைவிரலுக்கு. வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கி, பாட்டில் மூடியைத் திருகக்கூட முடியாத நிலைக்கு வந்திருந்தது. குண்டு எறிதலில் மாவட்டத்துக்காக ஆடிய கை அது. ஊறுகாய் பாட்டிலை நான் திறந்து கொடுத்தால் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். அவருக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே மலை ஓரமாக அவர் தோட்டம். பாக்கும் மஞ்சளும் குச்சிக்கிழங்கும். கிழங்குக் காட்டைத் தோண்டப் பன்றி இறங்கும் என்று கணவர் அந்த இரட்டைக்குழலை வைத்திருந்தார். அவர் போன பிறகு டீச்சர் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஒரே ஒரு முறை பன்றியை விரட்டச் சுட்டார். மறுநாள் எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய் இருந்தது. கொஞ்ச நாளைக்கு அவருக்கு நான்தான் தலை வாரிவிட்டேன்.

"அதைத் தூக்கி நிறுத்தறதுக்குள்ள பன்னி ஊரைத் தாண்டிப் போயிருது அம்மிணி. சுட்டா என்னையத்தான் ஒதைக்குது."

பன்றிதான் பிரச்சினை என்று இருந்தவரை இது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு சில ஊர் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியை யாரோ அடித்துப் போட்டு நகையை எடுத்துக்கொண்டு போனார்கள். கணவர் பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போய்விட்டு வந்த டீச்சர், காருக்குள் ஏறியதும் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நாய் வளர்க்கச் சொன்னார்கள். வளர்த்தார். அது வந்தவர் காலையெல்லாம் நக்கியது. கேமரா வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அதில் பெரும்பாலும் பல்லிதான் தெரிந்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வரச் சொன்னான் மகன். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான் அவர். அந்த ஊரில் தனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். எடை குறைவாக, உதை குறைவாக, தன் விரலால் இழுக்க முடிகிற மாதிரி ஒரு சின்னத் துப்பாக்கி.

அங்கேதான் சிக்கல். விண்ணப்பத்தில் எந்த ரகத் துப்பாக்கி, எந்த அளவுக் குண்டு என்று முதலிலேயே எழுத வேண்டும். எழுதினால்தான் அனுமதி கிடைக்கும், அனுமதி கிடைத்தால்தான் கடையில் கையில் தருவார்கள். கையில் பிடித்துப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார் டீச்சர். விண்ணப்பம் அந்த ஒரு இடத்தில் நின்றுபோய், வாரக்கணக்கில் என் காரின் முன்பெட்டியில் கிடந்தது.

கலெக்டர் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷன்தான். "ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா. எல்லாரும் பாயிண்ட் முப்பத்திரண்டுதான் எழுதறாங்க" என்றார்.

"எல்லாரோட கையும் எங்கிட்ட இல்லீங்களே."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

விசாரித்து விசாரித்து, மேட்டூர் போகும் வழியில் குன்றடியில் ஒரு துப்பாக்கி பழகும் சங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார். உறுப்பினரானால் பயிற்சியாளரின் கண்முன்னால் சுட்டுப் பார்க்கலாம். பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் பாட்டியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். டீச்சர் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அந்தப் பயிற்சியாளரிடம் நான் கண்ட ஒரே நல்ல விஷயம், நீட்டிய கையில் அவர் துப்பாக்கியை வைத்ததுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கே சில விஷயங்கள் புரிந்தன. எடை குறைவாக இருந்தால் உதையும் குறைவாக இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நேர்மாறு. கைப்பைக்குள் அடங்குகிற மிகச் சின்ன ரிவால்வர் ஒன்றைக் கொடுத்தார்கள். பெண்களுக்கென்றே செய்தது என்றார்கள். சுட்டதும் அது உள்ளங்கையில் எகிறியது, டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உதையைத் தாங்கிக்கொள்ள அதன் உடம்பில் எடையே இல்லை, எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது என்றார் பயிற்சியாளர். அடுத்ததாகக் கனமான ஒன்று. அது உதைக்கவில்லை, ஆனால் நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு தொங்கிப்போனது. பிஸ்டலில் விரலால் இழுக்கும் விசை மிருதுவாக இருந்தது. ஆனால் முதல் குண்டை ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தார், இழுத்தார், பாதியில் விரல் நழுவி மேல்பாகம் டப்பென்று திரும்பிப் போனது. நான் எழுந்து கிட்டே போனேன்.

"நீ உக்காரு" என்றார்.

கடைசியில் தேறியது பாயிண்ட் இருபத்திரண்டு ரிவால்வர் ஒன்று. ரொம்பச் சின்னதும் இல்லை, கனமும் இல்லை. குழல் கொஞ்சம் நீளம். குண்டு சின்னது என்பதால் உதை தெரியவில்லை. விசைதான் கடினம். ஆனால் பின்னால் இருக்கும் சுத்தியலை இடது கட்டைவிரலால் முதலில் மடக்கி வைத்துவிட்டால், அப்புறம் விசை லேசாகத் தொட்டாலே போதும். டீச்சர் அப்படிச் சுட்டார். அட்டையில் ஓட்டை விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்த பார்வையை, குக்கர் கடையிலிருந்து ஜெயித்துக்கொண்டு வந்த நாளில்தான் அதற்கு முன் பார்த்திருந்தேன்.

பயிற்சியாளருக்குத் திருப்தி இல்லை. இது அட்டை சுடுகிற குண்டு, பாய்ந்து வருகிற ஆளை நிறுத்தாது, பெரிய குண்டாக வாங்குங்கள் என்றார். டீச்சர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பெருசு வாங்கினா, நான் அதத் தூக்கறதுக்குள்ள வந்தவன் ஊட்டுக்குள்ள பூந்து காப்பி வெச்சுக் குடிச்சிருவானுங்க."

விண்ணப்பம் போனது. விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், நாய் அவர் காலை நக்கியது. இந்த வயதில் யாரைச் சுடப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"யாரையும் சுடறதுக்கில்லீங்க. இவ சுடுவான்னு வாரவனுக்குத் தெரியோணும், அவ்வளவுதான்."

அவர் சிரித்தார், ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு மாதங்கள் போயின. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கோப்பு இன்னொரு மேஜையில் இருந்தது. மழைக்காலம் முடிந்து மஞ்சள் வெட்டும் நேரத்தில் அனுமதி வந்தது. பிரித்துப் படித்தேன். பாயிண்ட் முப்பத்திரண்டு என்று அடித்திருந்தார்கள். வழக்கமாக அடிப்பதையே அடித்திருக்கிறார்கள்.

நான் அன்றைக்குப் பொறுமை இழந்தேன். கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம் டீச்சர், பெட்டியில் வைத்துப் பூட்டப் போகிற சாமானுக்கு எந்த அளவாக இருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் காரிலிருந்து இறங்கினார். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். தவறைத் திருத்தச் சொல்லி, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலக மனு நாளுக்குப் பஸ்ஸிலேயே போய் வரிசையில் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு திங்கட்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வெயிலில் நிற்கும் வரிசையில் அவரைப் பார்த்தேன். கையில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்கப்படாமல் இருந்தது. போய் வாங்கித் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "வண்டிய எங்க நிறுத்தியிருக்கற?" என்று கேட்டார். அதோடு பேச ஆரம்பித்தோம்.

திருத்தம் வந்தது. கடைக்குப் போனோம். முதலில் காட்டியதை வாங்கிப் பார்த்து, சுத்தியல் கரகரவென்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்ததன் கைப்பிடி தடிமனாக இருந்தது. எல்லாம் ஒரே அச்சுல வர்றதுங்க என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். டீச்சர் அசையவில்லை. உள்ளேயிருந்து வந்த மூன்றாவதை வெகுநேரம் பிடித்திருந்து, மடக்கி, தளர்த்தி, மறுபடி மடக்கி, சரி என்று தலையாட்டினார். திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த விவகாரம் முழுவதிலும் நாங்கள் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்த பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தனியாக இருக்கும் கிழவி, எனக்கு விலக்குக் கொடுங்கள் என்று டீச்சர் மனுப் போட்டார். வங்கிக் காவலர் மாதிரி ஆட்களுக்குத்தான் விலக்கு என்று பதில் வந்தது. இரண்டு துப்பாக்கிகளையும் என் காரில்தான் கொண்டுபோய் ஒப்படைத்தோம். ரிவால்வரை ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தார். துண்டோடு வைக்கச் சொன்னார், ஈரம் படக்கூடாது என்று. ஏட்டம்மா துண்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாக்குப்பதிவு முடிந்து, எண்ணிக்கைக்குக் காத்திருந்த நாட்கள். மத்தியானம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து பாக்குக் காய் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் உள்ளே திரும்பியதும் ஒருவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தான். அவர் விடவில்லை. அவன் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மற்றவன் அவரை வாசல்படியில் தள்ளினான். சங்கிலியும் ஒரு வளையலும் போயின. வலது மணிக்கட்டு உடைந்தது. பால்வண்டிக்காரர் பார்த்து எனக்குப் போன் செய்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் கட்டிலோரம் நின்று, எப்படி இருந்தார்கள், என்ன நிறச் சட்டை என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவர் கிளம்பும்போது டீச்சரே ஒன்று கேட்டார்.

"என்ற துப்பாக்கி பத்திரமா இருக்குதுங்களா?"

"ரொம்பப் பத்திரமா இருக்குதுங்கம்மா. அதப்பத்திக் கவலைப்படாதீங்க" என்றார் அவர், முழு மனதோடு.

டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். வலிக்கிறதா என்று கேட்ட டாக்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. துப்பாக்கி திரும்பி வந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. தம்ளரைப் பிடிக்கலாம், ரிவால்வரைப் பிடிக்க முடியாது. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டுவிட வேண்டும் என்றும் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, இடது கைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்க வேண்டும், வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றார். ரிவால்வரில் குண்டு போடும் உருளையைத் திறக்கும் பொத்தான் வலது கைக்காரர்களுக்கென்றே இடப்பக்கம் வைத்திருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இடது கையில் பிடித்தால் எதுவுமே எட்டவில்லை. துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, திருப்பி, நெஞ்சோடு அணைத்து, என்னென்னவோ செய்து பார்த்தார். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் ஒன்றும் விழவில்லை. அடுத்த வாரமும் விழவில்லை. போகும் வழியில் எனக்குக் கோபமாக வரும். யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். வாகனத்தைக் குழியில் இறக்கி ஏற்றுவேன். மெதுவாப் போ அம்மிணி என்பார்.

பிறகு ஒரு நாள் காலையில், பாக்கு மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

மகன் வந்து காரியங்களை முடித்தான். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் துப்பாக்கிகள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போயின. அவற்றை விற்றுவிட அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பம், வாரிசுச் சான்று, விசாரணை. அவனால் தங்க முடியவில்லை. எனக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினான். இப்போது திங்கட்கிழமைகளில் அந்த வரிசையில் நான் நிற்கிறேன். இரட்டைக்குழலைக் கேட்டு ஆள் இருக்கிறது. அந்தச் சின்ன ரிவால்வரை எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். பாயிண்ட் இருபத்திரண்டை யாருங்க கேக்கறாங்க, எல்லாருக்கும் பெருசுதான் வேணும் என்றார்.

போன வாரம் அலுவலக ஜன்னலுக்குள் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மகன் வராமல் நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள். அதிகாரக் கடிதத்தைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, "அது சரிங்கம்மா. எறந்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்றாள்.

ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம் என்றேன். அது உறவு இல்லையே என்றாள். கெட்ட எண்ணத்தோடு அவள் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. உறவு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை.

"அடுத்த திங்கக்கெழமை வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வந்தேன்.